அடியில் துலக்காத தங்கம்

மார்த்தாள் சுட்டுவிரலில் புளியை எடுத்து, சலித்த செங்கல் தூளில் தொட்டு, தன் வாய்க்குள் இருந்த தங்கத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். வேலிக்காலில் ரசம் போன கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தாள். இடது கை உதட்டை இழுத்துப் பிடித்திருந்தது. வலது கை பரபரவென்று தேய்த்தது. பித்தளைச் சொம்புக்கு என்ன பக்குவமோ அதே பக்குவம். காலை வெயில் பட்டு வாய் மின்னுகிறவரை விடமாட்டாள்.

"போதும்டி. இன்னும் தேச்சினா ஓட்ட வியுந்துடப் போவுது" என்றார் சாமுவேல். அவர் அவளுடைய கணவர். உத்திரமேரூர் பெரிய ஏரியின் மதகைத் திறந்து மூடும் லஸ்கர். வேலைக்குக் கிளம்ப சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு இன்னா தெரியும்? தங்கத்த அப்பிடியே வுட்டா கறுத்துப் பூடும்."

"தங்கமாடி கறுக்கும்?"

மார்த்தாள் மறுபடி தூளைத் தொட்டு வாயில் வைத்தாள். வாய் நிறையச் செங்கல் தூள் இருக்கும்போது ஒரு பெண்பிள்ளை எப்படிப் பதில் சொல்வாள்?

ஐம்பத்தொன்பதாம் வருஷம், மாசி மாதம். மார்த்தாளுக்கு நாற்பத்தாறு வயது. உத்திரமேரூர்ப் பிள்ளைப்பேறு நிலையத்தில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி. அவளுடைய அம்மாவும் அப்பாவும் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மார்த்தாள் மட்டும் பன்னிரண்டு வயதில் மிஷன் ஆஸ்பத்திரியில் கழுவித் துடைக்கப் போய், துடைத்ததில் சுத்தமாக இருந்ததால் வார்டுக்குள் விடப்பட்டு, அங்கிருந்து பிரசவப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டு, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள். திரும்பிய நாளிலிருந்து அவள் சொன்னதெல்லாம் ஒரே வார்த்தைதான்: கழுவு. கையைக் கழுவு, நகத்தை வெட்டு, நூலை வேகவை, பிளேடை வேகவை. சுற்றி இருந்த இருபது கிராமத்திலும் அவள் வருவதைக் கண்டால் பெண்கள் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவள் வாயில் கீழ்வரிசையில், இடப்பக்கம், சிங்கப்பல்லுக்கு அடுத்த பல் இல்லை. அந்த இடத்தில் ஒரு பொய்ப்பல். அதற்கு இரு பக்கமும் இருந்த நல்ல பற்களுக்குத் தங்கக் குல்லாய் மாட்டி, மூன்றையும் ஒரே வார்ப்பாக்கி ஒட்டியிருந்தது. கழற்றி மாட்ட முடியாது. காஞ்சிபுரம் பல் டாக்டர் தாமோதரன் இதைப் பிரிட்ஜ் என்றார். சாமுவேல் பாலம் என்றார். சந்தையில் எல்லாரும் தங்கப்பல் என்றார்கள். மூன்று பெயரில் மார்த்தாளுக்குப் பிடித்தது மூன்றாவதுதான்.

பல் போன கதையை அவள் வேடிக்கையாகத்தான் சொல்வாள், பாதிவரைதான் சொல்வாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஏரியின் மறுகரையில் முனியம்மாள் வீட்டில் பிரசவம். நிலபுலம் உள்ள குடும்பம். மருமகள் தேவகிக்குத் தலைப்பிரசவம். ஒன்றரை நாள் வலித்த பிறகுதான் மார்த்தாளைக் கூப்பிட்டார்கள். போய்க் குனிந்தாளோ இல்லையோ, தேவகி வலி தாங்காமல் விட்ட உதை நேராகத் தாடையில் இறங்கியது. "பொலி காளைகூட அப்பிடி ஒதைக்காது. பல்லு எங்க போச்சின்னு தேட வேண்டியதே இல்ல, முழுங்கிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். கேட்பவர்களும் சிரிப்பார்கள். அதோடு நிறுத்திக்கொள்வாள்.

நிறுத்திய இடத்துக்கு அப்பால் இருந்தது இதுதான். அவள் ரத்தம் துப்பக் கிணற்றடிக்குப் போனாள். வாயைக் கொப்பளித்துத் திரும்பி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. ஊர் மருத்துவச்சி காத்தாயிக் கிழவி அரிவாளால் கொடியை அறுத்தாள். முனியம்மாள் அடுப்புச் சாம்பலை அள்ளித் தொப்புளில் அப்பினாள். ஆண் பிள்ளை. எட்டாம் நாள் இசிவு கண்டு, வாயே திறக்க முடியாமல் செத்துப்போனது.

ஒரு பல்லுக்காகத் தான் கிணற்றடியில் நின்ற அந்த நேரத்தை மார்த்தாள் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த பிள்ளைக்கு விடமாட்டேன் என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தேவகியின் புருஷன் வேதாசலத்துக்கு மார்த்தாளின் பொக்கைப் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது. தன் அம்மாவின் ஒடிந்த கம்மல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "பல்லு கட்டிக்கோ நர்சம்மா" என்றான். அம்மாவைக் கேட்டுத்தான் கொடுத்தானா என்று மார்த்தாள் விசாரிக்கவில்லை. அது தங்கம். விசாரித்தால் போய்விடும்.

டாக்டர் தாமோதரன் பாலத்தை ஒட்டி முடித்த அன்று நன்றாகத்தான் சொன்னார். "நர்சம்மா, இந்தப் பொய்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒரு சின்னச் சந்து இருக்கு. மூணு பல்லும் ஒண்ணா ஒட்டியிருக்கிறதால மேலேருந்து நூல் உள்ள போகாது. ஒரு நூலைக் கன்னத்துப் பக்கமா அடியில விட்டு, நாக்குப் பக்கமா வாங்கி, தினம் ரெண்டு வேளை இழுத்துச் சுத்தம் பண்ணணும். இப்படிப் பாருங்க." வளைந்த கம்பியில் நூலைக் கோத்துச் செய்தும் காட்டினார். மிருதுவான பிரஷ் ஒன்றும் கொடுத்தார்.

"சரிங்க டாக்டர்" என்றாள் மார்த்தாள். அவள் கண் கைக்கண்ணாடியில் இருந்தது. உதட்டை இப்படி வைத்தால் எவ்வளவு தங்கம் தெரிகிறது, அப்படி வைத்தால் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேகவைத்த நூலைப் பற்றி இருபது கிராமத்துக்குப் பாடம் எடுப்பவளிடம் ஒரு மனிதர் நூலைப் பற்றிப் பேசினார், அவள் கேட்கவில்லை. பிரஷ் நன்றாக இருந்தது. பிரசவத்துக்கு முன் நகத்தைத் தேய்க்க அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டாள்.

ஏழு மாதம் அவளுக்கு ராஜ வாழ்க்கை. எதற்கும் சிரித்தாள். சாவு வீட்டில்கூட ஒரு தரம் சிரித்துவிட்டு, தொண்டை கமறியதுபோல் இருமிச் சமாளித்தாள். முன்பெல்லாம் வேலிக்கு வெளியே நிற்கவைத்துப் பேசிய நிலக்காரப் பெண்கள், தங்கத்தைப் பார்த்தபின் வேலிக்கு உள்ளே நிற்கவைத்துப் பேசினார்கள். முனியம்மாள் வீட்டில் மட்டும் அவளுக்கான கண்ணாடித் தம்ளர் எப்போதும்போல மாட்டுக்கொட்டகைச் சுவரின் பொந்தில் கவிழ்ந்தே இருந்தது. தங்கம் அந்த மட்டுக்கும் எட்டவில்லை.

பிறகு, தை மாதத்தில், ஊரில் ஏதோ ஒரு நாற்றம் அடிக்க ஆரம்பித்தது.

மார்த்தாள் அதைத் தேடினாள். நிலையத்தில் கட்டிலுக்கு அடியில் பினாயில் ஊற்றினாள். எலி செத்திருக்கும் என்று கூரை ஓலையைப் பிரிக்கச் சொன்னாள். பரிசோதனைக்கு வந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தாள். சாமுவேல் ஒரு நாள் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டுப் படுத்தார்.

"இன்னாத்துக்கு அந்தப் பக்கம்?"

"காத்து வருது."

"எங்க வருது?"

"ஒன் வாயிலேர்ந்து வருது. அதான் இந்தப் பக்கம்."

ஒரு வாரம் அவரோடு அவள் பேசவில்லை. அவர் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

செங்கல் தூள் போட்டுத் துலக்கிய அந்த மாசிக் காலையில்தான் அவள் முனியம்மாள் வீட்டுக்குப் போனாள். தேவகிக்கு இப்போது மறுபடி எட்டரை மாதம் ஆகியிருந்தது. மார்த்தாள் நாலு மாதமாக அந்த வீட்டுக்கு நடையாய் நடந்து, இந்தப் பிள்ளைக்கு அரிவாளும் வேண்டாம் சாம்பலும் வேண்டாம் என்று முனியம்மாளிடம் பாதிச் சம்மதம் வாங்கி வைத்திருந்தாள். அன்றைக்கு மீதியையும் வாங்கிவிடுவது என்று போனாள்.

தேவகியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தலை கீழேதான் இருந்தது. குனிந்து, "இப்பலேர்ந்தே எல்லாம் சுத்தமா வெச்சிக்கணும். துணிய கொதிக்க வெச்சி வெயில்ல ஒலத்தணும். கைல நகம் இருக்கக்கூடாது" என்று தொடங்கினாள். தேவகி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

பின்னால் நின்றிருந்த முனியம்மாள் முகர்ந்தாள். ஒரு எட்டு கிட்டே வந்தாள். இன்னொரு தரம் முகர்ந்தாள்.

"ஏ நர்சு, வாயத் தொற."

"இன்னாங்க பெரியம்மா?"

"அட, இதான் நாறுதா! நீ வந்துட்டுப் போறப்பல்லாம் நானு மாட்டுக்குக் குளம்புப் புண்ணோன்னு கொட்டாய்ல தேடிக்கினு கீறேன்." முனியம்மாளின் குரல் உயர்ந்தது. "எங்க வூட்டுப் பொன்ன வாயில வெச்சிக்கினு, அத்த நாறடிச்சிக்கினு, எங்களுக்குச் சுத்தம் சொல்ல வந்துட்டியா நீ? எங்க காத்தாயி வாயில வெத்தல வாசனதான்டி வருது!"

"அது வந்து, பெரியம்மா, கொஞ்சம் வயிறு சரியில்ல..."

"வயிறோ கியிறோ. இந்த நாத்தத்தோட எம் பேரப்புள்ள மேல குனியாத. காத்தாயியே பாத்துக்குவா. நீ போ."

தேவகி சுவரைப் பார்த்தபடியே மெதுவாக, "அத்தே..." என்றாள். முனியம்மாள் காதில் வாங்கவில்லை.

ஏரிக்கரையில் இரண்டு மைல் நடந்து திரும்பும்போது மார்த்தாள் உள்ளங்கையைக் குவித்து அதில் ஊதி முகர்ந்து பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு மாத நடையும் போச்சு. காத்தாயி வருவாள், அரிவாள் வரும், சாம்பல் வரும். எல்லாம் அவள் வாயால். ஊரிலேயே தன் நாற்றம் தெரியாத ஒரே ஆள் தான்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனாள்.

டாக்டர் தாமோதரன் வாயைப் பார்த்ததும் முதலில் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். பிறகு கொக்கிக் கம்பியைப் பாலத்துக்கு அடியில் விட்டு நெம்பினார். வந்ததையெல்லாம் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தார். பாக்குத் தூள் வந்தது. முருங்கைக்காய் நார் வந்தது. என்னவென்று யாராலும் சொல்ல முடியாத ஒன்று வந்தது. கடைசியில் சிவப்பாக ஒரு கட்டி வந்தது.

"இது என்ன நர்சம்மா?"

மார்த்தாள் எட்டிப் பார்த்தாள். "செங்கத் தூளுங்க."

"எதுக்கு?"

"துலக்கறதுக்குங்க. புளியும் போடுவேன்."

டாக்டர் கம்பியைக் கீழே வைத்தார். "நான் பாலம் கட்டி அனுப்பினேன். நீங்க மேற்கொண்டு கட்டடம் கட்டச் செங்கல் இறக்கியிருக்கீங்க." சிரித்து முடித்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார். "விளையாட்டு இல்லம்மா. ரெண்டு பக்கத்துப் பல்லைச் சுத்தியும் ஈறு வீங்கிச் சீழ் வெக்கப் பார்க்குது. மேல பளபளன்னு இருந்து என்ன பிரயோசனம்? நூல் விடச் சொன்னேனே, விட்டீங்களா?"

மார்த்தாள் தட்டில் இருந்த சிவப்புக் கட்டியைப் பார்த்தாள்.

"பிரஷ்?"

"நகத்துக்கு வெச்சிருக்கேங்க."

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "பதினஞ்சு நாள் தரேன். நூலும் வெந்நீர் உப்பும் தினம் ரெண்டு வேளை. வீக்கம் வடிஞ்சு ரத்தம் நின்னா நாத்தம் தானே போயிடும். இல்லேன்னா பாலத்தை அறுத்து எடுத்து, அந்த ரெண்டு பல்லையும் பிடுங்க வேண்டியதுதான்." இன்னொரு பிரஷ் கொடுத்து, "இது வாய்க்கு" என்று அழுத்திச் சொன்னார். நூல் விடுவதை மறுபடி செய்து காட்டினார். இந்தத் தடவை மார்த்தாள் கண்ணாடியில் தங்கத்தைப் பார்க்கவில்லை. அவர் விரலைப் பார்த்தாள்.

பார்த்தது எளிதாக இருந்தது. மறுநாள் காலை வீட்டில் செய்தபோதுதான் பேஜார். அவரிடம் வளைந்த கம்பி இருந்தது. இவளிடம் பிரசவப் பெட்டியில் தொப்புள்கொடி கட்டும் நூல் இருந்தது. அந்த நூலை வேகவைத்து, நுனியை நாக்கால் ஈரப்படுத்தி, முறுக்கி, கன்னத்துப் பக்கம் விட்டாள். நூல் துவண்டு உதட்டில் ஒட்டிக்கொண்டது. மறுபடி விட்டாள். பல்லைச் சுற்றிக்கொண்டு தொண்டைக்குப் போனது. குமட்டி, கண்ணில் நீர் வழிய, சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றி அதால் பொய்ப்பல்லின் அடிச் சந்தில் குத்தினாள். ரத்தம் கொட்டியது. துருப்பிடித்த ஊக்கை எந்தப் பெண்ணாவது புண்ணில் வைத்திருந்தால் அவளை மார்த்தாள் என்ன பேச்சு பேசியிருப்பாள்! தன்னையே அப்படிப் பேசிக்கொள்ள ஆசைதான். வாய் வலித்தது.

சாமுவேல் நாஷ்டாவைத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதகு அடைச்சிக்கினா நாங்க கயிற வுட மாட்டோம். கயிறு வளையும். வளையாத மூங்கில் கய்யிதான் வுடுவோம்" என்றார்.

"வாயில கய்யிய வுடச் சொல்றீங்களா?"

"நானு மதகச் சொன்னேன்."

மார்த்தாள் கோபத்தோடு திரும்பினாள். எதிரே கொடியில் அவளுடைய வெள்ளைச் சேலை, கஞ்சி போட்டுக் காய்ந்து, தகரம்போல் விறைத்து நின்றது. வாரம் தவறாமல் சேலைக்குக் கஞ்சி போடுகிறவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

வேகவைத்த நூலை முழங்கை நீளத்துக்கு வெட்டினாள். ஒரு நுனியை மட்டும் இரண்டு விரற்கடை அளவுக்குக் கெட்டிக் கஞ்சியில் தோய்த்து, முறுக்கி, நேராக இழுத்து, சுத்தமான துணியின்மேல் வெயிலில் போட்டாள். அரை மணி நேரத்தில் நுனி ஈர்க்குப்போல் விறைத்துவிட்டது. மீதி நூல் மெத்தென்றே இருந்தது. கன்னத்துப் பக்கமிருந்து பொய்ப்பல்லுக்கு அடியில் தள்ளினாள். சர்ரென்று போய் நாக்கில் குத்தியது. பிடித்து இழுத்தாள். விறைப்பு வெளியே வந்துவிட, மெத்தென்ற நூல் பாலத்துக்கு அடியில் நின்றது. இரண்டு முனையையும் பிடித்து, பொய்ப்பல்லின் வயிற்றை முன்னும் பின்னுமாகத் தேய்த்தாள். பிறகு இந்தப் பக்கத்துத் தங்கக் குல்லாயை ஒட்டி மேலும் கீழும், அந்தப் பக்கத்துக் குல்லாயை ஒட்டி மேலும் கீழும். முடிந்ததும் மேலே இழுக்காமல், ஒரு முனையை விட்டுப் பக்கவாட்டில் உருவினாள்.

உருவிய நூலை முகர்ந்து பார்த்தவள், நியாயத்துக்காக, அதைச் சாமுவேல் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"வாணாம்டி தாயே" என்று தட்டோடு எழுந்து போய்விட்டார் அவர்.

நாலு நாள் ரத்தம் வந்தது. ரத்தம் வருகிறதே என்று விட்டுவிடத் தோன்றியது. விடாதீங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையிலும் படுக்கப் போகுமுன்னும் நூல், பிரஷ், வெந்நீரில் உப்பு. ஐந்தாம் நாள் ரத்தம் குறைந்தது. ஒன்பதாம் நாள் நூல் வெள்ளையாகவே வெளியே வந்தது. பத்தாம் நாள் சாமுவேல் தலையணையைத் தூக்கித் தலைமாட்டில் போட்டார். பாராட்டை வெளியிட்டுச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் வேதாசலம் சைக்கிளில் வந்து நின்றான். முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

"நர்சம்மா, அவளுக்கு வலி வந்துடிச்சி. காத்தாயி வந்து குந்திக்கினு கீது. அம்மா உன்னக் கூப்பிடல. தேவகிதான் கூப்ட்டு வரச் சொல்லிச்சி. ஒரே அழுவ."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கேரியரில் ஏறினாள். ஏரிக்கரை முழுவதும் அவள் நினைத்தது பிரசவத்தைப் பற்றி அல்ல. வாசலைத் தாண்டுவதைப் பற்றி.

முனியம்மாள் வாசலை மறித்துத்தான் நின்றிருந்தாள்.

"வாயத் தொற."

மார்த்தாள் திறந்தாள். இருபது வருஷம் பிரசவம் பார்த்தவள், வெள்ளைச் சேலையோடு, பெட்டியோடு, சந்தையில் பல் பிடித்துப் பார்க்கும் மாடு மாதிரி ஆவென்று நின்றாள். முனியம்மாள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். முகர்ந்தாள். இன்னொரு தரம் முகர்ந்தாள்.

"ஊது."

ஊதினாள்.

"ம். உப்பு வாசன அடிக்குது" என்றாள் முனியம்மாள். வழியை விட்டாள். ஆனால் முழுச் சம்மதம் கொடுத்துவிட்டதாக முகம் சொல்லவில்லை.

உள்ளே காத்தாயிக் கிழவி வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அரிவாள், ஒரு பித்தளைத் தட்டில் சலித்த சாம்பல். "வா நர்சு. கெயவிக்கு முட்டி வலி, குனிய முடில. நீயே குனி" என்றாள். மார்த்தாள் குனிந்தாள். இந்தத் தடவை தாடையைத் தேவகியின் காலுக்கு எட்டாத பக்கமாக வைத்துக்கொண்டு குனிந்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுக்காத பாடம் அது.

கையைக் கழுவி, நகத்தை நகத்துக்கு என்று ஒதுக்கிய பிரஷ்ஷால் தேய்த்து, நூலும் பிளேடும் வேகவைக்கப் பெட்டியைத் திறந்தாள். நூல் டப்பாவில் ஒரே ஒரு துண்டு கிடந்தது. கொடிக்கு இரண்டு கட்டு வேண்டும். பன்னிரண்டு நாளில் ஊர்ப் பிள்ளைகளின் தொப்புளுக்கு வந்த நூலில் முக்கால்வாசியை அவள் வாயே தின்றிருந்தது. நல்லவேளையாக அது நீளத் துண்டு. இரண்டாக வெட்டிக் கொதிக்கும் நீரில் போட்டாள். முனியம்மாள் பார்த்துக்கொண்டிருந்ததால், இரண்டு துண்டுதான் எப்போதும் வழக்கம் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்துக்குப் பிள்ளை பிறந்தது. பெண். முதல் அழுகையே ஏரிக்கு அக்கரை கேட்கும்படி இருந்தது. கொடியின் துடிப்பு அடங்கியதும் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, நடுவில் பிளேடால் வெட்டினாள். பெருமூச்சு விடுவதற்குள் முனியம்மாளின் கை சாம்பலோடு வந்தது.

"பெரியம்மா, வாணாம்."

"எல்லாம் ஒன் இஷ்டத்துக்கு வுட்டாச்சி. பச்சப் புண்ண தொறந்து போட்டா வுடுவாங்க? காய வாணாமா?"

ஆஸ்பத்திரியில் கற்றதைச் சொல்லலாம். சொல்லிச் சொல்லிச் சலித்தது. போன பிள்ளையைச் சொல்லலாம். சொன்னால் முனியம்மாள் அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவாள். சாம்பல் உள்ளே நிற்கும். மார்த்தாளிடம் மிச்சம் இருந்தது அவளுடைய வாய் ஒன்றுதான்.

"என் வாயிக்குள்ள பாத்தீங்க இல்ல?" என்றாள். "எட்டு மாசம் மேல மட்டும் தேச்சிக்கினு இருந்தேன். கண்ணாடி மாதிரி மின்னிச்சி. புளி போட்டேன், செங்கத் தூளு போட்டேன். அந்தத் தூளே அடியில போயி குந்திக்கினு அயுகிப் பூட்ச்சி. ஒங்க பொன்னுக்கு அடியிலயே சீயி வெச்சிச்சி பெரியம்மா. டாக்டரு தோண்டி எடுத்தாரு, ஒரு தட்டு. எனக்கே தெரில. ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்ற கய்ததான நானு, எனக்கே தெரில. நீங்க மோந்து பாத்துச் சொன்னப்பதான் தெரிஞ்சிச்சி."

காத்தாயி மெல்லுவதை நிறுத்தினாள்.

"இந்தச் சாம்பலும் அப்பிடித்தான். மேல காஞ்சா மாதிரி இருக்கும். அடியில இன்னா நடக்குதுன்னு நாறி சொல்லாது. எட்டாம் நாளுதான் சொல்லும்."

எட்டாம் நாள் என்றதும் கட்டிலில் தேவகி முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள். மாமியாரைப் பார்த்தாள்.

முனியம்மாளின் விரலில் சாம்பல் இருந்தது. அதைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு விரலைத் தட்டிலேயே உதறிவிட்டு, தட்டைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினாள்.

"ஒரு தட்டா எடுத்தாரு?" என்று கேட்டாள்.

"ஒரு தட்டுங்க."

"த்தூ" என்றாள் முனியம்மாள்.

மறுநாள் காலை பொழுது கிளம்பியதும் மார்த்தாள் மறுபடி அங்கே போனாள். அவசரத்தில் வீட்டில் நூல் விடவில்லை. கஞ்சியில் காய்ந்த நூல் ஒன்றைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கையைக் கழுவித் தொப்புளைப் பார்த்தாள். கட்டு இறுக்கமாக இருந்தது. கசிவு இல்லை, சிவப்பு இல்லை, மேலே யாரும் எதையும் வைத்திருக்கவில்லை. பிள்ளை முலையைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. வாய் நன்றாகத் திறந்தது. இன்னும் ஏழு நாள் தினமும் வந்து பார்ப்பேன் என்று தேவகியிடம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து நூலை விட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் ரத்தம் துப்பிய அதே கல். முனியம்மாள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அது உள்ளே போவதையும் வெளியே வருவதையும் குனிந்து பார்த்தாள்.

"வெள்ளையாத்தான் வருது" என்றாள், நூலைப் பார்த்து. பிறகு உள்ளே போய், உப்புப் போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து நீட்டினாள். வீட்டுப் பித்தளைத் தம்ளர்.

மார்த்தாள் தம்ளரைப் பார்த்தாள்.

"கொட்டாய் கிளாசு எங்க பூட்ச்சோ தெரில. புடி, கை சுடுது."

மார்த்தாள் கொப்பளித்தாள். நாலு வாய் கொப்பளித்துத் தம்ளரைக் கல்லின்மேல் வைத்தாள். முனியம்மாள் அதை விரல் நுனியால் எடுத்துக் கிணற்றடியில் போட்டு, நேற்றைய தட்டைக் கொண்டுவந்து, அந்தச் சாம்பலிலேயே புளியைத் தொட்டுத் தம்ளரைத் துலக்க உட்கார்ந்தாள். வெளிப்பக்கம் பரபரவென்று தேய்த்தாள். வெயிலில் மின்னியது.

பெட்டியை மூடி எழுந்த மார்த்தாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"அடியிலயும் தேய்ங்க பெரியம்மா" என்றாள்.